சுவர்ப் பக்கம்

மனைவி குறட்டை விடுவாள் என்று செகுண்டோவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தது.

குடியேற்ற அலுவலகத்து நாற்காலியில், அவன் தோளில் சாய்ந்து யாரிட்சா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் இடத்திலிருந்து நேராக வந்தவள். தலைமுடியில் இன்னும் பிளீச்சிங் வாடை. வாயைப் பிளந்து தூங்கும் அந்த முகத்தைப் புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போர்ட்டோரிக்கோக்காரி, பிறவியிலேயே அமெரிக்கக் குடியுரிமை. அவன் ஈக்வடாரிலிருந்து வந்து கூரை வேலை பார்ப்பவன். அவளைக் கட்டியதால் கிடைத்த கிரீன் கார்டுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். கல்யாணம் நிஜம் என்று இன்றைக்கு நம்பினார்களானால் நிரந்தரக் கார்டு. நம்பாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். உலுக்கி எழுப்பினான். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவள், காலையில் இங்கே வந்ததும் அவன் கொடுத்திருந்த வீட்டுச் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“இன்னிக்கு எதுக்குடி? சேர்ந்துதானே போகப் போறோம்.”

“அட, கை தானா நீட்டுது. யோவ், ஞாபகம் இருக்கில்ல? கேட்டதுக்கு மட்டும் பதில். நீட்டி முழக்காதே. ஃபாரம் நிரப்பிக் குடுத்த அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க.”

கால் மணி நேரம் கழித்து அவனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கண்ணிலும் தூக்கம் பாக்கி இருந்தது.

“கட்டில்ல நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்க?”

“சுவர்ப் பக்கம் சார்.”

“மனைவி குறட்டை விடுவாங்களா?”

தெரிந்த கேள்வி வந்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. “விடுவா சார்! நல்லாவே விடுவா.”

“எவ்வளவு நாளா?”

பொய் சொல்லிப் பழகாத வாய். “இன்னிக்குக் காலையில இருந்து சார்.”

அதிகாரியின் பேனா நின்றது. ஃபைலைப் புரட்டினார். “கல்யாணத்தன்னிக்கு எடுத்த படத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு போட்டோகூட இல்ல.”

அதிகாரி யாரிட்சாவையும் உள்ளே வரச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“ரெண்டு பேருமே சுவர்ப் பக்கம்தான் படுக்கிறோம்னு சொல்றீங்க. ஒண்ணு, யாரோ பொய் சொல்றீங்க. இல்ல, ஒரே வீட்டுலயே இல்ல. எது?”

செகுண்டோ தன் பூட்ஸ் நுனியில் காய்ந்திருந்த தாரைப் பார்த்தான். ஊரில் அம்மாவுக்குக்கூடச் சொல்லாத விஷயம். வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரிட்சாவுக்கு வெட்கப்படவும் தெம்பில்லை. அவள்தான் சொன்னாள்.

“கட்டிலே ஒரு ஆள் படுக்கிறதுதான் சார். ஒரு பக்கம் சுவரு, இந்தப் பக்கம் இறங்கினா கதவு. அவ்வளவுதான் ரூமு.”

“அப்போ ஒருத்தர் எங்கே படுக்கிறீங்க?”

“வேலையில இருப்போம் சார். எனக்கு ராத்திரி, இவருக்குப் பகல். வாசல்ல சாவியைக் கை மாத்திக்கிறதோட சரி.”

“லீவு நாள்னு ஒண்ணு இருக்குமே?”

“யாருக்கு சார்?”

அதிகாரி சிரிக்கவில்லை. ஃபைலை மூடப் போனவர், கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டார். “அப்போ புருஷன்னு ஒருத்தர் அந்த வீட்டுல இருக்கார்னு உங்களுக்கு எப்படித்தான் தெரியும்?”

யாரிட்சா கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“காலையில நான் போய்ப் படுக்கும்போது மெத்தையில இவரு சூடு ஆறியிருக்காது சார்.”