பீரோவில் தூங்கும் செவ்வந்தி

மாலை ஐந்தரைக்குச் செவ்வந்தித் தொட்டியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவேன். விடிந்தபின் மாடிக்குக் கொண்டுபோவேன். செவ்வந்தி இரவின் நீளத்தை அளந்து பார்த்துத்தான் மொட்டு விடும். புதுத் தெருவிளக்கு வந்தபின் எங்கள் மாடியில் இரவே இல்லை.

“என் பட்டுப்புடவையெல்லாம் கட்டில்ல கெடக்கு, உங்க செடி பீரோவுல தூங்குது,” என்றாள் மனைவி குணவதி. “ஒரு மாசம்தான். மொட்டு வரலன்னா செடி குப்பைக்குப் போயிரும்.”

இருபத்தெட்டாம் நாள் நான் வீடு திரும்பிய பேருந்து மழையில் மாட்டிக்கொண்டது. ஓரிரவு வெளிச்சம் பட்டாலும் செடி குழம்பிவிடும். ஏழு மணிக்கு நனைந்தபடி மாடிக்கு ஓடினேன். தொட்டியைக் காணவில்லை. கீழே வந்து பீரோவின் கைப்பிடியைத் தொட்டேன்.

“தொறக்காதீங்க,” என்றாள் குணவதி, புடவைகளுக்கு நடுவே படுத்தபடி. “அஞ்சரைக்கே தூங்க வச்சாச்சு. மூணு மொட்டு விட்டிருக்கு.”