வட்டத்தின் மேல் ஒரு கோடு

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்துபோனவர் மேல் ஒரு சாய்கோடு. பேத்தி கல்லூரியில் மானுடவியல் படிக்கிறாள். எங்கள் வம்சத்தைத் தாளில் இப்படித்தான் வரைய வேண்டுமாம்.

என் தந்தை முக்கோணமானார். அவர் நடந்தால் தெருவே எழுந்து நிற்கும். அவர் மேல் கோடு விழுந்தது. அம்மா வட்டம், அவள் மேலும் கோடு.

"அடுத்து நீங்க." ஒரு முக்கோணம். கோடில்லை.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். கல்லூரிக்குப் போகிற தாள். நாலு பேர் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒருவர் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி."

வட்டம் போட்டாள். பேனா காத்திருந்தது.

"செத்துட்டா."

பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். "நிச்சயமா, தாத்தா?"

கேள்வி கேட்பதற்கென்றே ஒரு படிப்பு! பேனாவைப் பிடுங்கி நானே கோட்டை இழுத்தேன். தாள் கிழிந்தது.

"எந்த வருஷம்?"

சொன்னேன். கூடப் படித்தவன் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல் அவள் வாசற்படி இறங்கிய வருஷம். அன்றே தலைமுழுகினேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுத்ததில்லை. எடுக்க விட்டதில்லை.

பேத்தி வருஷத்தைக் குறித்தாள். வாதாடவில்லை. பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே குடும்பத்தைப் பத்தி ரெண்டு பேர்கிட்ட கேக்கணும், தாத்தா. ஒருத்தர் சொன்னதை முன்னாடியே இன்னொருத்தருக்குக் காட்டக் கூடாது. இவங்ககிட்ட போன வாரம் கேட்டேன்."

அதே தந்தை. அதே அம்மா. அதே வட்டம், அதன் மேல் கோடில்லை. கீழே இரண்டு பிள்ளைகள், ஐந்து பேரக்குழந்தைகள். ஒன்றின் மேலும் கோடில்லை.

வட்டத்துக்குப் பக்கத்தில் அண்ணன்.

அந்த முக்கோணத்தின் மேல் கோடு இழுத்திருந்தது. அங்கேயும் தாள் கிழிந்திருந்தது.

அதன் கீழே பொடியாக எழுதியிருந்த எண்ணைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினேன்.

பேத்தி பேனாவை மூடினாள். "தேடாதீங்க, தாத்தா. வருஷத்துல மட்டும் ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்க."