வெள்ளாட்டின் பிரஷ்

பாட்டன் காலத்திலிருந்தே வெள்ளாட்டின் குடும்பம் தன் முடியில் பிரஷ் கட்டி, போர்டு எழுதும் குரங்குகளுக்கு விற்றுவந்தது.

ஒருநாள் கடைத்தெருவில் ஒரு புதுப் போர்டைப் பார்த்து வெள்ளாடு அப்படியே நின்றுவிட்டது. ‘புலியார் கறிக்கடை. வெள்ளாட்டுக் கறி கிடைக்கும்.’ பக்கத்தில் ஒரு வெள்ளாட்டின் படம்.

ஏணியில் நின்ற குரங்கைப் பார்த்து, “இறங்குடா கீழே!” என்று கத்தியது வெள்ளாடு.

குரங்கு மளமளவென்று இறங்கி வந்தது. “கோவிச்சுக்காதீங்கண்ணே. எழுதச் சொன்னதைத்தான் எழுதினேன்.”

“எழுதினதை யாருடா கேட்டா? கோடு ஏன் இப்படிப் பிசிறடிக்குது? இது என் பிரஷ்ஷே இல்ல. எவன்கிட்ட வாங்கின?”

“பன்றிகிட்ட... வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தார்.”

“மூணு தலைமுறையா எங்ககிட்ட வாங்கிட்டு, இப்போ பன்றி முடி கேக்குதா உனக்கு? அழி! எல்லாத்தையும் அழி!”

வெள்ளாடு தன் தாடியிலிருந்தே முடியைப் பிடுங்கி, அங்கேயே ஒரு பிரஷ் கட்டிக் கொடுத்தது. படமும் சரியாக வர வேண்டுமென்று கடை வாசலில் அசையாமல் நின்றது.

இந்த முறை ஒரு கோட்டிலும் பிசிறில்லை.

“இதுக்குப் பேர்தாண்டா பிரஷ்!” என்றது வெள்ளாடு.

“பிரமாதம். இனிமே கடையைத் திறந்துடலாம்” என்றபடி அதன் பின்னால் வந்து நின்றது புலி.