கதவை அறுக்கும் முன்

பட்டறையின் இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவிக்குக் கேஸ் வாடை அடித்தது. பக்கத்துக் கடையில் கட்டிங் மிஷின் வாங்கி வந்து கதவில் வைத்தாள்.

“நிறுத்துடி! பொறி பறந்தா நீயும் போயிடுவ. மேல இருக்கிற ஜன்னலை உடை,” என்றது உள்ளிருந்து கணவன் குரல்.

“நீங்க தாழைத் திறக்கக்கூடாதா?”

“எழுந்திரிக்க முடியல.”

கல்லெறிந்து உடைத்தாள். “இப்ப அறுக்கட்டுமா?”

“வாடை முழுசாப் போகட்டும். என்னைக்காவது சொன்னதைக் கேட்டிருக்கியா?”

“உங்களுக்கு மூச்சு முட்டுமே!”

“எனக்கு என்ன அவசரம்? கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ.”

ஒரு மணி நேரம் அழுதபடி காத்திருந்து, வாடை போனதும் தாழை அறுத்தாள். கணவன் சிலிண்டர் அருகே கிடந்தான்.

டாக்டர் அவன் கையை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

“விறைச்சுப்போச்சும்மா. உயிர் காலையிலேயே போயிருக்கு.”