ஏழாம் எலி

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவிக் கழுவி இடுப்பு கழன்றுபோயிருந்தது. கிருமி புகுந்தால் உடம்புக்குச் சேதி சொல்லும் புரதம் இல்லாத எலிகள் பன்னிரண்டு. கிருமி ஊசி போட்ட மூன்றே நாளில் விழுந்துவிட்டன. பன்னிரண்டையும் செத்ததாக எழுதி நான்தான் ஃப்ரீசரில் வைத்தேன்.

மறுநாள் காலை ஏழாம் எலி கூண்டில் தீனி கொறித்துக்கொண்டிருந்தது. காதுத் தகட்டில் அதே நம்பர்.

“என்னக்கா, உயிரோட இருக்கறதையே செத்துப்போச்சுன்னு எழுதிட்டீங்களா?” என்று ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா சிரித்தார்.

“ஃப்ரீசரைத் திறந்து பாருங்கம்மா.”

பதினொன்று நான் வைத்தபடியே நீட்டிக் கிடந்தன. ஏழும் அங்கேயே இருந்தது. அது மட்டும் சுருண்டிருந்தது.

“துடிப்பு பார்த்துத்தானே வெச்சீங்க?”

“பார்த்தேன்மா.”

நெஞ்சில் விரல் வைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஏழுக்கு மட்டும் நான் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடப் பாக்கிக்குத்தான் அது கூண்டுக்குத் திரும்பியிருக்கிறது.