முந்தி நின்ற இடம்

"ரெண்டு நிமிஷம் முந்தி நோன்பு திறந்திருக்கிறாங்க சேர்! அவ்வளவு பேரும் இன்னொரு நாள் நோன்பு பிடிச்சுக் களாச் செய்யணும். நோன்பெண்டா என்னெண்டு தெரியாத பிள்ளைக்கிட்ட இந்த வேலையக் குடுத்தா இப்படித்தான்."

சுஜித்தாவைத் திரும்பியும் பார்க்காமல் பொரிந்து தள்ளினான் றிபாஸ்.

கல்முனையில், பள்ளிவாசல்களுக்குத் தொழுகை நேரம் காட்டும் போர்டு செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. நேற்று றிபாஸ் தொழும் பள்ளியிலேயே போர்டு பிழையான நேரம் காட்டிவிட்டது. அதைப் பார்த்து மோதினார் பாங்கு சொல்ல, பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

முதலாளி ஜுனைட் கேட்டார்: "தங்கச்சி, கம்ப்யூட்டர்ல நேரம் அடிச்சது நீங்கதானே?"

பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத இந்துப் பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓம் சேர், என்ட பிழைதான்."

"அப்ப நாளைக்கு வர வேணாம் தங்கச்சி. பள்ளிக்கு நான் பதில் சொல்லணும்."

றிபாஸுக்கு மனம் ஆறியது. திருத்திவிடலாம் என்று தன் கம்ப்யூட்டரில் சுஜித்தாவின் பைலைத் திறந்தான். நேரமெல்லாம் சரியாகவே இருந்தது.

இதென்ன கூத்து என்று, கேர்சர் முந்தி நின்ற இடத்துக்குத் திரும்பும் கீயைத் தட்டினான். அவசரத்தில் இரண்டு தட்டுக் கூடிவிட்டது. அவன் முந்தி வேலை செய்த வேறொரு பைலுக்குள் போய் நின்றது கேர்சர்.

அந்த வரியில், 'மஃரிப் -2'.

போர்டு மாறுகிறதா என்று சோதிக்க, நோன்பு திறக்கும் மஃரிப் தொழுகை நேரத்தில் முந்தாநாள் அவனே குறைத்த இரண்டு நிமிடம். நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் அழிக்க மறந்திருக்கிறான். மறுநாள் போர்டில் ஏற்றியதும் அதையேதான். இந்த லட்சணத்தில், கொஞ்சம் முன்னால் என்ன பேச்சுப் பேசினான்!

சுஜித்தா பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் முறையில் அவள் 'நானா' என்றழைக்கும் றிபாஸ் ஓடிப்போய் மறித்தான்.

"நில்லுங்க தங்கச்சி! பிழை என்ட. உங்களுக்குத் தெரியுமா?"

"காலையிலயே கண்டுட்டன் நானா. உங்கட பேரிலதான் சேவ் ஆகியிருந்திச்சு."

"அப்ப ஏன் வாயத் திறக்கல்ல?"



"நீங்க இண்டைக்கும் அந்தப் பள்ளிக்குத்தானே தொழப் போகணும்? எனக்கு அங்க போய் ஆக்களுக்கு முகம் குடுக்கிற தேவையில்லத்தானே நானா."