கம்பளிக்கு விழுந்த உதை

மலையூர் வீடொன்றில் புதிதாக வந்த கொசுவலையைப் பார்த்துக் கம்பளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்தக் குளிர்ல கொசு எங்கடா தம்பி ஏறி வரும்?"

"குளிர் முன்ன மாதிரி இல்லண்ணே. பாதி வருஷம் நீங்களே பெட்டிக்குள்ளதானே கிடக்கீங்க?"

கம்பளிக்குச் சுருக்கென்றது.

வீட்டாரும் வலையைக் கட்டவில்லை. மறுவாரமே கொசு கடித்து, சிறுமி தேன்மலருக்குக் காய்ச்சல். பிறகுதான் கட்டிலைச் சுற்றி வலையைக் கட்டினார்கள். அவளுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கம்பளி எவ்வளவு இறுக்கிப் போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை.

"தம்பி, இனி ஒரு கொசுவையும் உள்ள விட்டுடாதடா," என்று வலையிடம் கெஞ்சியது.

நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டது. வியர்த்துக் கொட்ட, தேன்மலர் கம்பளியை ஒரே உதையில் கீழே தள்ளினாள்.

"அடி பட்டுச்சாண்ணே?" வலை பதறியது.

தரையில் கிடந்த கம்பளி சொன்னது: "இன்னொரு உதை விடச் சொல்லுடா!"